'மினி சூறாவளி' என்று நாம் எழுதுவது எதை?

பங்குனி, சித்திரை வந்தால் வன்னிச் செய்திகளில் ஒரு தலைப்புத் தவறாமல் வரும்: 'மினி சூறாவளியால் வீடுகள் சேதம்'. ஊரின் பெயர் மட்டும் மாறும். உள்ளே படித்தால் விபரமும் ஏறக்குறைய ஒன்றுதான். பின்னேரம் மூன்று, நான்கு மணிபோலத் திடீரென்று காற்று, அதன் பின்னால் மழை. பத்துப் பதினைந்து நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். அதற்குள் கூரைத் தகரங்கள் கழன்றிருக்கும், குலையோடு நின்ற வாழைகள் சரிந்திருக்கும், முருங்கை முறிந்திருக்கும், மரக்கொப்பு விழுந்து மின்கம்பி அறுந்திருக்கும். அடுத்த நாள் கிராம அலுவலர் வந்து சேதத்தைப் பதிந்துகொண்டு போவார்.

நடந்தது எல்லாம் உண்மை. பெயர்தான் பொருந்தவில்லை. சூறாவளி என்பது சூடான கடலின் மேல் நாட்கணக்காகக் கூடி வளர்வது. நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் அகலத்துக்கு ஒரு மையத்தைச் சுற்றிச் சுழல்வது. அதைச் சுருக்கி ஒரு கிராமத்தின் அளவுக்கு ஆக்க முடியாது. மாங்குளத்துக் காட்டுக்கு மேலே ஒரு பின்னேரம் கிளம்பி, இரண்டு குறிச்சியை அடித்துவிட்டு ஓயும் காற்று வேறு சாதி. அதன் பிறப்பே வேறு. ஆங்கிலத்தில் அதற்கென்றே ஒரு சொல் இருக்கிறது: ஸ்குவோல். வேடிக்கை என்னவென்றால், தொட்டில் குழந்தை வீறிட்டுக் கத்துவதற்கும் ஆங்கிலத்தில் அதே சொல்தான். இரண்டும் எப்படிச் சேர்ந்தன என்ற கதைக்குப் பிறகு வருவோம். முதலில் காற்று.

ஸ்குவோல் என்றால் என்ன என்பதற்கு உலக வானிலை அமைப்பு ஓர் அளவு வைத்திருக்கிறது. காற்றின் வேகம் திடீரென்று குறைந்தது 16 நொட் கூட வேண்டும். அதாவது மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 30 கிலோமீற்றர். கூடிய பிறகு வேகம் 22 நொட்டை, அதாவது 40 கிலோமீற்றரைத் தொட வேண்டும். தொட்டது ஒரு நிமிடமாவது நிலைக்க வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்தால்தான் ஸ்குவோல். ஒரு கணம் கதவை அறைந்துவிட்டு ஓயும் காற்று இந்தக் கணக்கில் வராது, அது வெறும் வீச்சு, மூன்று செக்கன் அளவில் அளக்கப்படுவது. நாள் முழுக்க ஒரே மாதிரி அடிக்கும் பலத்த காற்றும் வராது.

இரண்டாவதற்கு மன்னார்த் தீவு நல்ல சாட்சி. வைகாசி கடைசியிலிருந்து புரட்டாசி வரை அங்கே சோழகம் ஓயாமல் வீசும். அந்தச் சீரான காற்றை நம்பித்தான் 'தம்பபவனி' என்ற பெயரில் 30 காற்றாலைகளை நிறுத்தி, 2020 டிசம்பரில் திறந்தார்கள். மொத்தம் 103.5 மெகாவாட். ஸ்குவோலை நம்பி யாரும் காற்றாலை கட்டுவதில்லை. அது எப்போது வரும், எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று நேரசூசி போட முடியாது.

நம்முடைய காற்றுப் பெயர்களைப் பார்த்தால் இந்த வித்தியாசம் இன்னும் தெளியும். வடக்கிலிருந்து வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், தெற்கிலிருந்து சோழகம், மேற்கிலிருந்து கச்சான். (கச்சானென்றால் இங்கே நிலக்கடலையும்தான். வெளியூர்க்காரரைக் குழப்ப இது ஒன்றே போதும்.) இவை எல்லாம் திசையின் பெயர்கள், பருவத்தின் பெயர்கள். வாடைக்கு முல்லைத்தீவுக் கடல் கொந்தளிக்கும், சோழகத்துக்கு மேற்குக் கரை கொந்தளிக்கும். கடற்றொழிலாளரின் ஆண்டே இந்த இரண்டையும் வைத்துத்தான் ஓடுகிறது. பதினைந்து நிமிடம் அடித்துவிட்டுப் போகும் காற்றுக்கு மாதக்கணக்கில் நின்று வீசும் பருவமும் இல்லை, நிலையான திசையும் இல்லை. அதனால் அதற்கென்று எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரு பெயரும் அமையவில்லை. பத்திரிகைக்காரர் ஆபத்துக்குச் சூறாவளியைப் பிடித்து, முன்னால் ஒரு 'மினி'யைச் சேர்த்துக்கொண்டார். பாவம், தலைப்பில் இடமும் குறைவு.

இதில் தமிழ்நாடும் சேர்ந்தால் குழப்பம் இரட்டிக்கிறது. சென்னை வானிலை அறிக்கையில் அடிக்கடி வரும் வாசகம் இது: மன்னார் வளைகுடாப் பகுதியில் சூறாவளிக்காற்று மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்திலும், இடையிடையே 65 கிலோமீட்டர் வேகத்திலும் வீசக்கூடும். பேசாலையிலோ வங்காலையிலோ இந்தியத் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவர் 'மன்னார்', 'சூறாவளி' இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டால் என்ன நினைப்பார்? நமக்குச் சூறாவளி என்றால் 1964, 1978. ஊரையே புரட்டிப் போட்டது. சென்னைக்காரர் சொல்வதோ அதை அல்ல. இந்திய வானிலைத் துறையின் ஆங்கில அறிக்கையில் அந்த இடத்தில் இருப்பது 'ஸ்குவோலி' காற்று, அதாவது விட்டு விட்டு ஸ்குவோலாக அடிக்கும் காற்று. அதைத்தான் அவர்கள் 'சூறாவளிக்காற்று' என்று ஆக்கியிருக்கிறார்கள். நாம் சூறாவளி என்பதை அவர்கள் புயல் என்கிறார்கள். மணிக்கு 63 கிலோமீற்றர் வேகத்தை நிலையாகத் தொட்டால்தான் அந்தப் பெயர்.

ஒரே காற்றுக்கு இரண்டு கரையிலும் இரண்டு பெயர் நின்றுபோனதற்கு 1964 நல்ல உதாரணம். அந்த ஆண்டு டிசம்பர் 22இல் வவுனியாவை அண்டி நிலத்தைக் கடந்து, பாக்கு நீரிணைக்குள் இறங்கி, அன்றிரவே தனுஷ்கோடியையும் அங்கே நின்ற ரயிலையும் கடலோடு கொண்டுபோனது ஒரே ஒரு காற்றுத்தொகுதிதான். வன்னியின் மூத்தவர்களுக்கு அது 'அறுபத்தி நாலு சூறாவளி'. இராமேசுவரத்து மூத்தவர்களுக்கு அது 'அறுபத்தி நாலு புயல்'. சரி, ஆளுக்கொரு பெயர் இருப்பதில் குற்றமில்லை. ஆனால் எச்சரிக்கைச் செய்தி எந்தக் கரையிலிருந்து வருகிறது என்று பார்த்துப் பொருள்கொள்ள வேண்டியிருக்கிறது.

நம்முடைய வளிமண்டலவியல் திணைக்களம் இந்தச் சிக்கலில் சிக்கவில்லை, ஏனென்றால் அது பெயரே சொல்வதில்லை. 'இடியுடன் கூடிய மழை பெய்யும் வேளைகளில் அப்பிரதேசங்களில் தற்காலிகமாகப் பலத்த காற்றும் வீசக்கூடும்' என்று வானொலியில் தினமும் கேட்டுக் கேட்டு நமக்குச் செவி மரத்துவிட்டது. அந்த 'தற்காலிகமாகப் பலத்த காற்று'தான் ஸ்குவோல். 'தற்காலிகமாக' என்பதைச் 'சும்மா கொஞ்ச நேரம், பெரிசா ஒன்றும் இல்லை' என்று எடுத்துக்கொள்கிறோம். எச்சரிக்கையின் உயிரே அந்தச் சொல்லில்தான் இருக்கிறது. கொஞ்ச நேரம்தான், ஆனால் அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் எல்லாம் நடந்துவிடும் என்பதே அதன் பொருள்.

இனி, இது வன்னியில் எப்படி உண்டாகிறது என்று பார்ப்போம். பங்குனி முடிவில் வாடை ஓய்ந்துவிடும், சோழகம் இன்னும் தொடங்கியிருக்காது. பெரிய காற்று எதுவும் இல்லாத இடைக்காலம் அது. ஒவ்வொரு ஆண்டும் ஏப்ரல் 5 முதல் 15 வரை சூரியன் இலங்கைக்கு நேர் உச்சியில் நிற்கும். எந்த நாள் எந்த ஊருக்கு மேல் என்று திணைக்களம் பட்டியலும் விடும். தெற்கில் தொடங்கி, வடக்குக்குக் கடைசியில் வரும். நிலம் கொதிக்கிறது. சூடான நிலத்தை நோக்கி இரண்டு பக்கத்துக் கடலிலிருந்தும் கடற்காற்று உள்ளே வருகிறது. மன்னாரிலிருந்து ஒன்று, முல்லைத்தீவிலிருந்து ஒன்று. இரண்டு கரைக்கும் இடையே நேர்கோட்டில் நூறு கிலோமீற்றர் சொச்சம்தான். நடுவில் எங்காவது இரண்டும் முட்ட வேண்டும். முட்டினால் பக்கவாட்டில் போக வழியில்லை, மேலே போகிறது. ஈரக்காற்று மேலே ஏறினால் முகில் திரள்கிறது. மத்தியானத்துக்குப் பிறகு மாங்குளம், நெடுங்கேணிப் பக்கம் கன்னங்கரேலென்று எழும் முகில் பல நாட்களில் இப்படி வந்ததுதான். எந்த இடத்தில் முட்டும் என்பது அன்றைய மேல்காற்றைப் பொறுத்து மேற்கேயோ கிழக்கேயோ தள்ளும். சித்திரைச் சிறுமாரி என்று பெரியவர்கள் சொல்லும் மழையில் பெரும்பங்கு இதுதான். ஐப்பசியில் வாடை நிலைகொள்ளுமுன் இன்னொரு இடைக்காலம், அப்போதும் இதே கூத்து.

மழை பெய்வது வரை எல்லோருக்கும் தெரியும். காற்று எங்கிருந்து வருகிறது? முகிலிலிருந்து இறங்கும் மழைத்துளிகளில் ஒரு பகுதி தரைக்கு வருமுன்னே காய்ந்த காற்றில் ஆவியாகிறது. ஆவியாவதற்கு வெப்பம் வேண்டும், அதைச் சுற்றியுள்ள காற்றிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. குளிர்ந்த காற்று பாரமானது. அது கீழே விழத் தொடங்குகிறது, விழும் மழையும் அதைக் கூடவே இழுத்து வருகிறது. ஒரு வாளித் தண்ணீரைச் சீமெந்துத் தரையில் கவிழ்த்தால் எப்படி நாலாபக்கமும் பாயுமோ, தரையில் மோதிய அந்தக் குளிர்காற்றும் அப்படித்தான் பாய்கிறது. நாம் உணர்வது அந்தப் பாய்ச்சலின் முன்விளிம்பை. மழைக்கு முன்னே அது வந்துசேரும். அதனால்தான் முதலில் புழுதி, பிறகு மண்வாசம், பிறகு காற்று, கடைசியில்தான் மழை. வெப்பநிலை சில நிமிடத்தில் ஐந்தாறு பாகை இறங்குவது சாதாரணம். அதற்குச் சற்று முன்புவரை இலைகூட அசையாமல் அவிந்துகொண்டிருக்கும். 'சரியா அவியுது, மழை வரப்போகுது' என்று வீட்டில் சொல்வார்களே, அந்தக் கணிப்பு பெரும்பாலும் பிழைப்பதில்லை.

இந்தக் கீழிறங்கும் காற்றைச் சரியாகப் புரிந்துகொள்ளப் பல காலம் பிடித்தது. 1975 ஜூன் 24ஆம் திகதி நியூயோர்க் கென்னடி விமான நிலையத்தில் இறங்கவந்த ஈஸ்டர்ன் நிறுவனத்தின் விமானம் ஒன்று, இடிமழைக்குள் ஓடுபாதையைத் தொடுமுன்னே விழுந்து நொறுங்கியது. நூற்றுப்பத்துக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அதை ஆராய்ந்தவர் டெட் புஜிட்டா என்ற ஜப்பானிய வானிலை அறிஞர், டோர்னாடோ என்ற சுழல்காற்றின் பலத்தை மதிப்பிட 'எப்' அளவுகோலை உண்டாக்கியவர். முகிலுக்குள்ளிருந்து ஒரு காற்றுத்தூண் நேர்கீழாக விழுந்து தரையில் சிதறியதுதான் காரணம் என்றார். அப்படி ஒன்று இருக்க முடியுமா என்று பல ஆண்டுகள் வாதம் நடந்தது. அவருக்கு அந்த யோசனை கிடைத்த இடம் நம்மை நிறுத்தி வைக்கும். இளவயதில் அவர் ஹிரோஷிமா, நாகசாகி இரண்டிலும் குண்டுவீச்சுக்குப் பின் சென்று, மரங்கள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கின்றன என்று பதிந்தவர். மேலே வெடித்த ஒன்று தரையில் நட்சத்திரம்போல வெளிநோக்கித் தள்ளிய அடையாளத்தை, பிறகு அமெரிக்கக் காடுகளில் காற்றடித்து விழுந்த மரங்களிலும் கண்டார்.

அந்த முறையை நம் தோட்டங்களிலும் பாவிக்கலாம். 'மினி சூறாவளி' அடித்த மறுநாள், விழுந்த வாழைகளைப் பாருங்கள். எல்லாம் ஒரே பக்கம் தலை சாய்ந்திருந்தாலோ, ஓரிடத்திலிருந்து விசிறிபோல விரிந்து கிடந்தாலோ, அது முகிலிலிருந்து விழுந்து பாய்ந்த காற்று. ஒன்றின்மேல் ஒன்று குறுக்கும் நெடுக்குமாக, ஒடுங்கிய ஒரு பட்டையில் மட்டும் முறுகிக் கிடந்தால் சுழல்காற்றைச் சந்தேகிக்கலாம். விழுந்ததை வெட்டி அப்புறப்படுத்துமுன் கைபேசியில் நாலு படம் எடுத்து வைத்தால் போதும், பின்னால் யாராவது கேட்டால் காட்டலாம். வேகத்தை மட்டும் வாழையை வைத்து மதிப்பிட வேண்டாம். வாழை மரமே அல்ல. உள்ளே கட்டை இல்லாத தண்டு, மேலே குலைப் பாரம், நல்ல வீச்சு ஒன்றுக்கே சரியும். காற்றின் விளைவைப் பார்த்து அதன் வேகத்தை மதிப்பிடும் பியூபோர்ட் அளவுகோலின்படி சிறு கொப்புகள் முறிவது 8ஆம் நிலை, கூரையில் சிறு சேதம் 9ஆம் நிலை, மரம் வேரோடு சாய்வது 10ஆம் நிலை. 9 என்பது மணித்தியாலத்துக்கு 75 கிலோமீற்றரில் தொடங்குகிறது. ஒழுங்காக ஆணி அடிக்காத தகரமோ அதற்கு வெகு முன்பே பறந்துவிடும். காற்று கூரையைத் தள்ளுவதைவிட மேலே உறிஞ்சித் தூக்குவதுதான் கூட. விளிம்பில் ஒரு தகரம் கழன்றால் மற்றவை வரிசையாகப் பின்தொடரும்.

இவ்வளவு அடிக்கடி நடக்கும் ஒன்றைப் பற்றி ஏன் சரியான கணக்கு இல்லை என்று கேட்கலாம். கருவி வைத்துக் காற்றளக்கும் நிலையங்கள் வவுனியா, மன்னார் என்று தூரத்தூரமாக இருக்கின்றன. ஒரு ஸ்குவோலின் அகலமோ சில கிலோமீற்றர். இரண்டு நிலையத்துக்கும் இடையால் புகுந்து, ஒன்றையும் தொடாமல் ஓடிவிடும். இணையத்தில் காரைக்கால் ரேடார் படத்தைப் பார்த்து மழையைக் கணிக்கும் இளைஞர்கள் இப்போது இங்கேயும் இருக்கிறார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் காரைக்காலிலிருந்து முல்லைத்தீவு 200 கிலோமீற்றர் அளவு தூரம். பூமியின் வளைவால் அந்த ரேடார்க் கதிர் இங்கே வரும்போது தரையிலிருந்து சில கிலோமீற்றர் உயரத்தில் போகிறது. முகிலின் வயிற்றைத்தான் அது பார்க்கிறது. காலடியில் ஓடும் காற்றை அல்ல. படத்தில் சிவப்பாக ஒரு திட்டு தெரிந்தால் அதன் அடியில் என்ன நடக்கும் என்பதை ஊகிக்கலாம், அவ்வளவுதான்.

பெருஞ்சூறாவளிக்கும் ஸ்குவோலுக்கும் உறவே இல்லை என்றும் சொல்ல முடியாது. சூறாவளியின் வெளிவட்டத்தில் மழைமுகில்கள் பட்டை பட்டையாகச் சுழன்று வரும். ஒவ்வொரு பட்டையும் வந்து தொடும்போது ஒரு ஸ்குவோல், இடையில் ஓய்வு, பிறகு அடுத்தது. 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு, திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடைப்பட்ட கரையில் புரேவி சூறாவளி ஏறியபோது வன்னியில் விழித்திருந்தவர்களுக்கு இந்தத் தாளம் தெரியும். அடித்து ஓய்ந்து, ஓய்ந்து அடித்தது. 'ஸ்குவோலி' என்று ஆங்கில அறிக்கை சொல்வது இதைத்தான். ஓய்வைப் பார்த்து 'விட்டுவிட்டது' என்று வெளியே இறங்கினால் கணக்குப் பிழைத்துவிடும்.

தரையில் கூரை போகும், கடலில் ஆள் போகும். கொக்கிளாயிலோ நாயாற்றிலோ சிறிய பைபர் படகில் நிற்பவருக்குப் பதினைந்து நிமிடம் என்பது மிக நீண்ட நேரம். கடலில் கண்ணுக்குத் தெரியும் அறிகுறி, முகிலின் அடியில் உருண்டு வரும் கரும்பட்டை ஒன்று. அதன் கீழே தண்ணீரின் மேல் நெருங்கி வரும் வெள்ளைக்கோடு, அதாவது நுரை. காற்று சட்டென்று செத்துக் குளிர் தட்டினால் கைவசம் இருப்பது நிமிடங்கள்தான். படகின் முகப்பைக் காற்றுக்கு நேரே திருப்பி வைப்பது, பாரத்தை நடுவில் தாழ வைப்பது, உயிர்காப்பு அங்கியைக் காலடியில் வைக்காமல் உடம்பில் போடுவது, இவ்வளவும் அந்த நிமிடங்களுக்குள் நடக்க வேண்டும். இரணைமடு, கட்டுக்கரை, முத்தையன்கட்டு போன்ற பெரிய குளங்களில் மீன்பிடிப்பவர்களுக்கும் இதே விதிதான். குளம்தானே என்ற அசட்டை கூடாது. திறந்த நீர்ப்பரப்பு அங்கே போதிய அளவு இருக்கிறது, தோணியோ மிகச் சிறியது.

பெரிய கப்பல்களும் தப்பவில்லை. 1878 மார்ச் 24ஆம் திகதி பிரித்தானியக் கடற்படையின் யூரிடிசி என்ற பாய்க்கப்பல், மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து திரும்பி, இங்கிலாந்தின் வைட் தீவை அண்டி, கரை தெரியும் தூரத்தில் வந்துகொண்டிருந்தது. பாய்கள் விரிந்திருந்தன, பக்கவாட்டுப் பீரங்கித் துளைகள் திறந்திருந்தன. பனிமழையோடு ஒரு ஸ்குவோல் குன்றுக்குப் பின்னாலிருந்து பாய்ந்தது. கப்பல் சாய்ந்தது, துளைகளால் தண்ணீர் புகுந்தது, மூழ்கியது. முந்நூறுக்கும் மேற்பட்டோர் இருந்த கப்பலில் பிழைத்தவர் இருவர். வீடு கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இது நடந்ததுதான் அந்நாட்டை உலுக்கியது. நம் காலத்திலும், 2024 ஓகஸ்ட் 19 விடியற்காலையில் சிசிலிக் கரையோரம் நங்கூரமிட்டு நின்ற பேசியன் என்ற ஆடம்பரப் பாய்ப்படகு சில நிமிடத்தில் கவிழ்ந்து, இருந்த 22 பேரில் ஏழு பேர் இறந்தார்கள்.

மாலுமிகள் இந்தக் காற்றுக்கு நிறம் கூடப் பிரித்து வைத்திருக்கிறார்கள். கருமுகிலோடு வந்தால் கறுப்பு ஸ்குவோல். முகில் எதுவும் தெரியாமல், கடல்மேல் வெண்ணுரை மட்டும் தோன்றி வந்து அடித்தால் வெள்ளை ஸ்குவோல். கரிபியக் கடலுக்கு வடக்கே 1986 மே மாதம் பிரைட் ஒஃப் பால்டிமோர் என்ற பாய்க்கப்பலை மூழ்கடித்தது இரண்டாவது வகை. பல இடிமுகில்கள் வரிசைகட்டி நின்று ஒரே முன்விளிம்பாகப் பாய்ந்தால் அதற்கு ஸ்குவோல் வரிசை என்று பெயர். சிங்கப்பூரில் உறவினர் இருந்தால் கேட்டுப் பாருங்கள். மலாக்கா நீரிணைக்கு அப்பால் சுமத்ராப் பக்கம் உருவாகி, விடியப்புறத்தில் வந்து நகரத்தை அடித்துப் போகும் 'சுமத்ரா ஸ்குவோல்' அங்கே எல்லோருக்கும் பழக்கமானது. வங்காளத்தில் சித்திரை, வைகாசியில் வருவது கால்பைசாகி. நமக்கு மட்டும்தான் 'மினி'.

இப்போது சொல்லின் மற்றப் பொருள். காற்றுப் பொருளை விட அழுகைப் பொருள்தான் மூத்தது. ஆங்கில எழுத்தில் ஸ்குவோல் என்பது கத்துதல் என்ற பொருளில் 17ஆம் நூற்றாண்டிலேயே வருகிறது. காற்று என்ற பொருள் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கடலோடிகளின் வாய்மொழியாக வருகிறது. இரண்டுக்கும் மூலம் வடக்கு ஐரோப்பாவின் பக்கம் என்பது சொல்லாய்வாளரின் பரவலான கருத்து. பழைய நோர்ஸ் மொழியில் 'ஸ்க்வாலா' என்றால் கத்து. சுவீடிஷ் மொழியில் இன்றும் அதே ஒலியுடைய சொல்லுக்குத் தண்ணீர் குபுகுபுவென்று கொட்டுவது என்று பொருள். ஒலியைக் கேட்டு அப்படியே சொல்லாக்கியது. கத்துவதும் கொட்டுவதும் ஒரே இரைச்சல் என்று அந்த வடக்குக் கடலோடிகளின் காதுக்குப் பட்டிருக்கிறது.

நம் காதுக்கும் அப்படித்தான் பட்டிருக்கிறது. கடல் இரைகிறது. தூரத்து வயலுக்கு அப்பால் மழை இரைந்துகொண்டு வருகிறது. பிள்ளைகள் கூடினால் 'ஏன் இப்பிடி இரையிறியள்?' என்று அம்மம்மா அதட்டுகிறார். மூன்றுக்கும் ஒரே வினைதான். சூறை என்ற சொல்லும் அப்படி இரண்டு வீட்டுப் பிள்ளை. அது காற்றும்தான், கொள்ளையும்தான். காற்று வந்து போன தோட்டத்தைப் பார்த்தவருக்கு இரண்டையும் சேர்த்தவர் மேல் கோபம் வராது.

ஆனால் எல்லாக் கத்தலும் ஸ்குவோல் ஆகாது. உயர்தரத்தில் ஆங்கில இலக்கியம் எடுக்கும் பிள்ளைகள் தடுக்கி விழும் இடம் இது. அகராதியில் 'அலறல், ஓலம்' என்று பார்த்துவிட்டுச் செத்தவீட்டு அழுகைக்கு அதை எழுதிவிடுகிறார்கள். ஸ்குவோலில் துயரம் இல்லை. பசித்த குழந்தை, ஈரத்துணியோடு கிடக்கும் குழந்தை, தடுப்பூசி போட்ட குழந்தை காலை உதைத்து, முகம் சிவக்க, மூச்சுவிடாமல் கரகரத்த குரலில் கத்துவதுதான் அது. எழுதுபவரின் எரிச்சலும் அதில் கொஞ்சம் ஒட்டியிருக்கும். நம்மிடம் 'வீறிட்டு அழுதது' என்பது கிட்ட வரும். 'குளறி அழுதாள்' என்பது கிட்டவும் வராது. வன்னியில் அந்தச் சொல் எங்கே பாவிக்கப்பட்டது என்பதை நான் விளக்கத் தேவையில்லை, அதை ஸ்குவோலுக்கு ஈடாக வைப்பது பெரும் பிழை. பூனைகள் இரவில் போடும் சண்டைக்கும், மயிலின் கூவலுக்கும் கூட ஆங்கிலத்தில் இந்தச் சொல்லை எழுதியிருக்கிறார்கள். மயில் கத்துவதை நாம் அகவல் என்று சொல்லி, ஒரு பாவுக்கே அந்தப் பெயரை வைத்தோம். அவர்களுக்கு அது காதைக் கிழிக்கும் சத்தம். பின்னேரத்தில் ஒட்டுசுட்டான் காட்டோரம் மயில்கூட்டம் ஒன்றாகத் தொடங்கினால் இரண்டு கட்சிக்கும் நியாயம் இருப்பது தெரியும்.

பிரசவ அறையில் மட்டும் இந்தக் கத்தலுக்கு எரிச்சல் கிடையாது. அங்கே எல்லோரும் அதற்குத்தான் காத்திருக்கிறார்கள். பிறந்த குழந்தை ஓங்கிக் கத்தினால் நுரையீரல் விரிந்து மூச்சு எடுத்துவிட்டது என்று அர்த்தம். ஒன்றாவது நிமிடத்திலும் ஐந்தாவது நிமிடத்திலும் குழந்தைக்குப் புள்ளி போடும் அப்கார் முறையில், மூச்சுக்கான முழுப்புள்ளி பலமான அழுகைக்குத்தான். அந்த முறையை 1950களின் தொடக்கத்தில் வகுத்தவர் வேர்ஜினியா அப்கார் என்ற அமெரிக்க மயக்கமருந்து மருத்துவர்.

இந்த இரண்டுக்கும் அப்பால் மூன்றாவது ஒரு பாவனையும் உண்டு. 'ஸ்குவோல் வரும், பார்த்துக்கொள்' என்பது மாலுமிகளின் எச்சரிக்கை. கரைக்கு வந்த பிறகு அது சண்டை வரப்போகிறது என்ற குறிப்பாக மாறியது. கணவன் மனைவிக்கிடையே, கூட்டாளிகளுக்கிடையே, சங்கக் கூட்டத்தில் கணக்கறிக்கை வாசிக்கும்போது, எங்கும் அது பொருந்தும். வருடக்கணக்கில் பேசாமல் இருக்கும் பகைக்கு அந்தச் சொல் சரிவராது. முன்னறிவிப்பில்லாமல் வெடித்து, நாலு வீட்டுக்குக் கேட்க இரைந்து, அரைமணி நேரத்தில் அடங்கி, பிறகு ஒரே கேத்திலில் தேத்தண்ணி ஊற்றிக் குடிக்கும் சண்டைக்குத்தான் அது பெயர்.